டாலர், டெசிபெல், துளை: பழைய ஆர்கேட் பெட்டிக்குச் சப்ஊஃபர் சேர்ப்பதன் வரவு செலவு

அடாரி நிறுவனம் 1979-இல் வெளியிட்ட ‘ஆஸ்டராய்ட்ஸ்’ ஆர்கேட் ஆட்டம் சுமார் 70,000 பெட்டிகள் விற்றது. ஆட்டம் தொடங்கியதும் இரண்டே சுரங்களில் ஒரு துடிப்பு எழும்: டும், டும். நேரம் போகப் போக அது விரையும். ஆடுபவரின் நெஞ்சும் கூடவே விரையும். அந்தத் துடிப்புக்கென்றே தனி மின்சுற்று அமைத்திருந்தார்கள். ஆனால் அது வெளியே வந்தது சில அங்குல அகலமுள்ள ஒரு சாதாரண ஸ்பீக்கர் வழியாக. சுற்றில் பிறந்த அடித்தொனியில் பெரும்பங்கு ஆடுபவரின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அமெரிக்காவில் இத்தகைய பெட்டிகளை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள் பலர் இன்று அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்ஊஃபரைச் சேர்க்கிறார்கள். அதற்கு என்ன செலவாகும், என்ன கிடைக்கும் என்பதே இந்தக் கணக்கு. இதில் மூன்று பத்திகள் உண்டு. செலவு டாலரில், வரவு டெசிபெலில், மூன்றாவதாகப் பெட்டியில் போடும் துளைகளின் எண்ணிக்கை. முதல் இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதுதான் முடிவு சொல்ல வேண்டிய பத்தி என்பது என் உறுதியான கருத்து.

கையிருப்பு: எந்த ஆட்டத்தில் அடித்தொனி இருக்கிறது?

செலவு செய்யுமுன் எடுக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாப் பெட்டியும் சமமல்ல.

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, டைட்டோ, 1978: தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. இறங்குமுகமாக 4 தாழ்ந்த சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். ஆட்டத்தின் பதற்றம் முழுவதும் இந்த நான்கு சுரங்களில்தான் இருக்கிறது. சப்ஊஃபரால் மிக அதிகம் பயனடையும் பெட்டிகளில் ஒன்று.

‘ஆஸ்டராய்ட்ஸ்’, அடாரி, 1979: 2 சுரத் துடிப்பு, வெடிப்பொலி, கப்பலின் உந்துவிசை இரைச்சல். மூன்றுமே கீழ்நிலை ஒலிகள். பயன் மிக அதிகம்.

‘டிஃபெண்டர்’, வில்லியம்ஸ், 1981: ஒலிக்கென்றே தனிப் பலகை, அதில் தனிப் பிராசசர், 8 பிட் ஒலிமாற்றி. ஒலி நிரல் முழுவதும் 2 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. வெடிப்புகளின் அடிப்பகுதி கனமானது. பயன் அதிகம்.

‘பாக்-மேன்’, நாம்கோ, 1980: ஒரே நேரத்தில் 3 குரல்கள். ஒலியின் பெரும்பகுதி நடுநிலை அலைவரிசையில் இருக்கிறது. பயன் குறைவு. இந்தப் பெட்டி மட்டும் வைத்திருப்பவர் பணத்தை வேறு பழுதுக்குச் செலவிடலாம்.

1980-களின் பிற்பாதியில் டைட்டோவே தன் ‘டேரியஸ்’ ஆட்டத்துக்கு 3 திரைகள் வைத்து, இருக்கையை ஒலிக்கேற்ப அதிரவும் வைத்தது. ஆட்டத்தை உடம்பாலும் கேட்க வேண்டும் என்ற ஆசை செய்தவர்களுக்கே இருந்திருக்கிறது. ஆகவே அடித்தொனியை மீட்பது பழமைக்குச் செய்யும் துரோகம் அல்ல. மீட்கும் விதத்தில்தான் சரியும் தவறும் இருக்கின்றன.

பற்றாக்குறை: சிறு ஸ்பீக்கரால் ஏன் முடியாது?

தாழ்ந்த ஒலிக்கு வேண்டியது காற்று. கூம்பின் பரப்பையும் அது முன்னும் பின்னும் நகரும் தூரத்தையும் பெருக்கினால் ஓர் அசைவில் தள்ளும் காற்றின் அளவு வரும். 40 ஹெர்ட்ஸில், 1 மீட்டர் தொலைவில், முதுகுப்புறம் மூடிய ஸ்பீக்கர் அதிகபட்சம் எவ்வளவு ஒலி தரும் என்று கணக்கிட்டேன். நகரும் தூரத்துக்கு அந்தந்த அளவு ஸ்பீக்கருக்கு இயல்பான மதிப்பை எடுத்திருக்கிறேன்.

— 4 அங்குலம்: பரப்பு 55 சதுர செ.மீ., மொத்த அசைவு 4 மி.மீ., காற்று 22 கன செ.மீ., ஒலி 73 டெசிபெல்
— 6.5 அங்குலம்: 135 சதுர செ.மீ., 8 மி.மீ., 108 கன செ.மீ., 87 டெசிபெல்
— 8 அங்குலம்: 215 சதுர செ.மீ., 12 மி.மீ., 258 கன செ.மீ., 95 டெசிபெல்
— 10 அங்குலம்: 330 சதுர செ.மீ., 16 மி.மீ., 528 கன செ.மீ., 101 டெசிபெல்

4 அங்குலத்துக்கும் 10 அங்குலத்துக்கும் காற்றில் 24 மடங்கு வித்தியாசம். ஒலியில் 28 டெசிபெல். அதே 4 அங்குல ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸில் 85 டெசிபெலும் 160 ஹெர்ட்ஸில் 97 டெசிபெலும் தரும். அலைவரிசை பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபெல் கழிகிறது. ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை, இது இயற்பியல்.

73 டெசிபெல் போதாதா என்று கேட்கலாம். காது அதற்குச் சம்மதிக்காது. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெலாகக் கேட்கும் ஒலியின் அளவுக்கு 40 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமென்றால் அது சுமார் 83 டெசிபெல் இருக்க வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 64 போதும். எனவே 40 ஹெர்ட்ஸில் 73 டெசிபெல் என்பது அமைதியான அறையில் மெல்லக் கேட்கும் முனகல்தான். ஆர்கேட் கூடத்தின் இரைச்சலில் அது இல்லாததற்குச் சமம். மேலும் பழைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் முதுகுப்புறம் காற்றுத் துவாரங்களோடு திறந்தே கிடக்கும். முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால் உண்மையான அளவு இன்னும் குறையும்.

அப்படியானால் இத்தனை காலம் துடிப்பு கேட்டது எப்படி? சதுர அலை தனியாக வருவதில்லை. 40 ஹெர்ட்ஸ் சதுர அலையோடு 120, 200, 280 ஹெர்ட்ஸ் அலைகளும் கூடவே வரும். அவை முறையே 9.5, 14, 17 டெசிபெல் தாழ்ந்திருக்கும். சிறு ஸ்பீக்கர் இந்த மேல் அலைகளை மட்டும் ஒலித்தது. மூளை அவற்றை வைத்து அடியை ஊகித்துக்கொண்டது. தவிலில் வலந்தலையை மட்டும் கேட்டுத் தொப்பியை மனத்தால் நிரப்பிக்கொள்வது போன்ற நிலை அது.

முதல் செலவு: 2 டாலர்

சப்ஊஃபர் வாங்கக் கிளம்புமுன் ஆம்ப்ளிஃபயர் பலகையைப் பார்க்க வேண்டும். அக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஒற்றை 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஆம்ப் இருக்கும். அது 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தருவது ஏறத்தாழ 1.6 வாட். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே ஒரு கெபாசிட்டர் இருக்கும். அந்தக் கெபாசிட்டர்தான் அடித்தொனியின் வாயிற்காப்போன். எந்த அலைவரிசைக்குக் கீழே ஒலி வெட்டுப்படும் என்பதை அதன் மதிப்பு தீர்மானிக்கிறது.

8 ஓம் ஸ்பீக்கருக்கு:

— 220 மைக்ரோஃபாரட்: 90 ஹெர்ட்ஸ்
— 470 மைக்ரோஃபாரட்: 42 ஹெர்ட்ஸ்
— 1000 மைக்ரோஃபாரட்: 20 ஹெர்ட்ஸ்

40 ஆண்டு தாண்டிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உள்ளே உலர்ந்து கொள்ளளவை இழந்திருக்கக்கூடும். 470 பாதியாகக் குறைந்து 235 ஆகியிருந்தால் வெட்டுப்புள்ளி 42-இலிருந்து 85 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அந்தப் பெட்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த சப்ஊஃபர் வாங்கினாலும் அதற்குப் போய்ச் சேரும் அடித்தொனி குறைந்தே இருக்கும். புதிய கெபாசிட்டரின் விலை 1 முதல் 2 டாலர். இந்தக் கணக்கேட்டில் டாலருக்கு அதிக வரவு தரும் செலவு இதுதான். பழைய மதிப்பிலேயே மாற்றினால் பலகை பிறந்தபோது இருந்த நிலைக்குத் திரும்புகிறது, வேறெதுவும் மாறுவதில்லை.

நான்கு வழிகள், நான்கு மதிப்பீடுகள்

கீழே உள்ளவை அமெரிக்கச் சந்தைக்கான தோராய வரவுசெலவுத் திட்டம். கடைக்குக் கடை விலை மாறும். விகிதம் பெரிதாக மாறாது.

வழி 1: வெளியே நிற்கும் புதிய சப்ஊஃபர். ஸ்பீக்கர் ஒயரையே நேரடியாக ஏற்கும் முனை உள்ள 10 அங்குலப் பவர்டு சப்ஊஃபர் 150 டாலர். ஒயர் 5 மீட்டர் 8 டாலர். இணைப்பிகள் 7 டாலர். அடியில் வைக்கும் ஃபோம் பலகை 15 டாலர். சுவிட்ச் உள்ள பவர் ஸ்ட்ரிப் 20 டாலர். மொத்தம் 200 டாலர். துளை 0. வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

வழி 2: பழைய சப்ஊஃபர். லைன் இன்புட் மட்டும் உள்ள பழையது 60 டாலர். ரெசிஸ்டர், ஜாக், கேபிள் 12 டாலர். ஃபோம் 15, பவர் ஸ்ட்ரிப் 20. மொத்தம் 107 டாலர். துளை 0. கொஞ்சம் சாலிடர் வேலை உண்டு.

வழி 3: பெட்டிக்குள் ஒரு பெட்டி. 8 அங்குல ஊஃபர் 35, எம்டிஎஃப் பலகை 20, ஆம்ப் பலகை 25, 24 வோல்ட் மின்வழங்கி 25, ஒயரும் ஃபில்டர் பாகங்களும் 15. மொத்தம் 120 டாலர். ஆர்கேட் பெட்டியின் தரையில் சும்மா வைத்தால் போதும், துளை 0. ஒரு நாள் வேலை.

வழி 4: அதிர்வூட்டி. பலகையில் திருகி வைக்கும் பாஸ் ஷேக்கர் 45, ஆம்ப் 25, மின்வழங்கி 25, ஃபில்டர் 10. மொத்தம் 105 டாலர். துளை 4.

வழி 3-க்கு இன்னும் சில அளவுகள். 18 மி.மீ. எம்டிஎஃப்பில் 30 × 30 × 35 செ.மீ. அளவுள்ள மூடிய பெட்டி செய்தால் உள்கொள்ளளவு சுமார் 22 லிட்டர். இதற்கு 0.6 சதுர மீட்டர் பலகை வேண்டும். எடை ஏறத்தாழ 8 கிலோ. நிற்கும் ஆர்கேட் பெட்டியில் மானிட்டர் தட்டுக்குக் கீழே அகலம் 60, ஆழம் 70, உயரம் 70 செ.மீ. அளவுக்கு இடம் இருக்கும் என்று கொண்டால் 294 லிட்டர். 22 லிட்டர் பெட்டி தாராளமாக உட்காரும். காசுப்பெட்டியை எடுக்கவும் வழி மிஞ்சும்.

இந்தப் பெட்டிகள் சம்பாதித்தது 25 சென்ட் நாணயங்களில். அந்த நாணயத்தில் சொன்னால் வழி 1-க்கு 800 ஆட்டம், வழி 2-க்கு 428, வழி 3-க்கு 480, வழி 4-க்கு 420. ஒரு நாணயம் 5.67 கிராம், 800 நாணயம் நான்கரை கிலோ. பெட்டி நல்ல நாளில் இருந்தபோது இதை ஈட்ட அதற்கு நெடுநாள் ஆகியிருக்காது.

இணைப்பு: பணம் வீணாகும் இடம்

ஸ்பீக்கர் முனையிலிருந்து சப்ஊஃபருக்குச் சிக்னல் எடுப்பது எளிது. 1.6 வாட் ஒலி 8 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 3.5 வோல்ட் ஆகும். லைன் இன்புட்டுக்கு அது அதிகம். 10,000 ஓம், 1,000 ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து நடுவிலிருந்து எடுத்தால் 11-இல் ஒரு பங்காகி 0.32 வோல்ட் கிடைக்கும். இந்த 11,000 ஓம் சுமை பழைய ஆம்புக்குத் தெரியவே தெரியாது. அது எடுக்கும் சக்தி 1 மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். ரெசிஸ்டர்களின் விலை ஒரு டாலருக்கும் குறைவு.

ஆர்கேட் பலகைகளின் இணைப்புக்கென 1985-இல் வந்த ஜாமா தரத்துக்குப் பிந்தைய பெட்டிகளில் வேலை இன்னும் சுலபம். பலகையின் இரு பக்கமும் 28 வீதம் 56 தொடுமுனைகள். ஸ்பீக்கரின் நேர்முனை 10-ஆம் எண்ணில், எதிர்முனை மறுபக்கம் ‘எல்’ எழுத்தில். ஒலி ஒற்றைத் தடம் என்பதால் ஒரு ஜோடி ஒயரே போதும்.

ஆபத்து இருப்பது பிரிட்ஜ் முறையில் அமைந்த ஆம்புகளில். அவற்றில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் உயிருள்ளவை; எதிர்முனை தரை அல்ல. அதைச் சப்ஊஃபரின் தரையோடு சேர்த்தால் ஆம்ப் ஷார்ட் ஆகும். 12 வோல்ட் பெட்டியில் இரண்டு முனையிலும் தரையை ஒப்பிட்டுச் சுமார் 6 வோல்ட் டிசி காட்டினால் அது பிரிட்ஜ் என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது ரெசிஸ்டர்களை விட்டுவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தனிமைப்படுத்தும் லைன் மாற்றி ஒன்றை 15 முதல் 25 டாலருக்கு வாங்க வேண்டும். 25 டாலரை மிச்சம் பிடிக்கப்போய், இன்று யாரும் தயாரிக்காத ஒலிப்பலகையை இழப்பது தகாது.

பெட்டிக்குள் கைவைக்கும் எவரும் இன்னொரு எண்ணையும் மனத்தில் வைக்க வேண்டும். 19 அங்குலக் கலர் மானிட்டரின் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் சிறிது காலம் தங்கும். ஒயர் சேர்க்கும் வேலையை மானிட்டர் பக்கம் போகாமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் முனையிலேயே செய்வது நல்லது. வோல்ட் பார்க்கும் அந்தச் சோதனைக்கு மட்டும் மின்சாரம் தேவை. பழக்கம் இல்லாதவர் அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

காசில்லாத வரவு: இடமும் கிராஸ்ஓவரும்

வாட்டைக் கூட்டுவதற்கு முன் இடத்தைக் கவனிக்க வேண்டும். சப்ஊஃபரைச் சுவரோரம் தள்ளினால் கொள்கையளவில் 6 டெசிபெல் வரை கூடும். வாட்டால் அதை ஈட்ட 4 மடங்கு சக்தி வேண்டும். மூலையில் வைத்தால் இன்னொரு 6. நடுக்கூடத்தில் 160 வாட் செய்வதை மூலையில் 10 வாட் செய்துவிடும்.

எங்கிருந்து ஒலி வருகிறது என்று 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே கிராஸ்ஓவரை, அதாவது சப்ஊஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்தால் சப்ஊஃபர் பெட்டிக்குப் பின்னால் இருந்தாலும் துடிப்பு திரையிலிருந்தே வருவதாகத் தோன்றும். ஆனால் வெகுதூரம் தள்ளவும் கூடாது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4.3 மீட்டர். சப்ஊஃபர் 1 மீட்டர் பின்தங்கினால் ஒலி 84 பாகை பிந்தும். அரை மீட்டரில் 42 பாகை. பெட்டியின் முதுகை ஒட்டி, அரை மீட்டருக்குள் வைப்பதே சரி.

80-ஐத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே 170 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் அடைபட்ட காற்றுக்கு 101 ஹெர்ட்ஸில் சொந்த அதிர்வு இருக்கிறது. கிராஸ்ஓவரை 120-க்கு ஏற்றினால் சப்ஊஃபர் அந்த அதிர்வைத் தூண்டிவிடும். எல்லா ஒலியும் ஒரே ‘பூம்’ ஆகிவிடும். சப்ஊஃபர் உள்ளே இருக்கும் வழி 3-இல் இது கூடுதலாகத் தெரியும். நான்கு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தச் செலவு!

மறைமுகச் செலவுகள்

மின்சாரம்: எப்போதும் விழித்திருக்கும் சப்ஊஃபர் சராசரியாக 8 வாட் எடுத்தால் ஆண்டுக்கு 70 யூனிட். யூனிட் 17 சென்ட் என்று கொண்டால் 12 டாலர். பெட்டியோடு சேர்ந்தே அணையும்படி வைத்து, நாளுக்கு 4 மணி நேரம் 20 வாட் எடுத்தால் 29 யூனிட், 5 டாலர். 20 டாலர் பவர் ஸ்ட்ரிப் ஏறக்குறைய 3 ஆண்டில் தன் விலையை மீட்கும். சப்ஊஃபருக்கு மின்சாரத்தைப் பழைய பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுக்கவே கூடாது. அதற்கு அதன் சொந்தச் சுமையே போதும்.

காந்தம்: ஊஃபரின் காந்தம் கலர் டியூபுக்கு அருகே வந்தால் நிறங்கள் கறைபடும். 60 செ.மீ. இடைவெளி விட வேண்டும். முடியாவிட்டால் கவசமிட்ட ஊஃபர் வாங்க வேண்டும். தரையில் வைப்பதால் இந்தச் செலவு பெரும்பாலும் 0.

அதிர்வு: இதுதான் பெரிய செலவு. சாக்கெட்டில் செருகிய பழைய சிப்புகள், விளிம்பு இணைப்பிகள், வெடிப்பு விழத் தொடங்கிய சாலிடர் முட்டுகள் அத்தனையும் தொடர்ந்து அதிர்ந்தால் தளரும். 15 டாலர் ஃபோம் இதற்கான காப்பீடு. பலகையையே நேராக உலுக்கும் வழி 4 இந்த இனத்தில் தோற்றுவிடுகிறது.

அயலார்: 40 ஹெர்ட்ஸ் அலை 8.6 மீட்டர் நீளம்; அது யாருடைய எல்லைக்குள்ளும் நிற்காது. ஒரே கூடத்தில் 10 பெட்டிகளுக்குச் சப்ஊஃபர் வைத்தால் மொத்த ஒலி 10 டெசிபெல் கூடும். 100 பெட்டிகளுக்கு 20. நியூ ஹாம்ப்ஷயரின் லக்கோனியாவில் ஃபன்ஸ்பாட் வளாகத்தில் இயங்கும் அமெரிக்கன் கிளாசிக் ஆர்கேட் மியூசியம் போல நூற்றுக்கணக்கான பெட்டிகள் நிற்கும் இடத்தில் எல்லாவற்றுக்கும் சப்ஊஃபர் வைத்தால் எதுவும் தனியாகக் கேட்காது. வீட்டில் ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவருக்கே இது பொருந்தும்.

மூன்றாம் பத்தி

டாலரில் பார்த்தால் வழி 4 முதலிடம். வழி 1 கடைசி. டெசிபெலில் வழி 1-உம் 2-உம் முன்னே நிற்கும். துளையில் பார்த்தால் வழி 4 மட்டும் கணக்கில் நஷ்டம் காட்டுகிறது.

நான்கு துளைதானே என்று விட்டுவிட முடியாது. இந்தப் பெட்டிகளை யாரும் இனி அந்தத் தொழிற்சாலைகளில் செய்யப்போவதில்லை. 70,000 ஆஸ்டராய்ட்ஸ் பெட்டிகளின் எண்ணிக்கை இனிக் குறையத்தான் முடியும். கெபாசிட்டரை மீண்டும் மாற்றலாம், ஒயரைக் கழற்றலாம், சப்ஊஃபரை விற்றுப் பாதிப் பணத்தை மீட்கலாம். துளையை மட்டும் திரும்பப் பெற முடியாது. பெரிய ஸ்பீக்கருக்காகப் பக்கப் பலகையை அறுத்து, அச்சிட்ட ஓவியத்தை வெட்டியவர் அந்தப் பெட்டியை அடுத்த தலைமுறைக்குக் குறைத்துக் கொடுக்கிறார். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது இழப்புதான்.

எனவே செலவிடும் வரிசை இது: முதலில் 2 டாலருக்குக் கெபாசிட்டர். அதன் பிறகு ஆட்டத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். சிலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும். போதாதவர் 107 டாலர் வழியில் போகலாம்; சாலிடர் பழக்கமில்லாதவர் 200 டாலர் வழியில். இடத்துக்கும் கிராஸ்ஓவருக்கும் 0 டாலர், ஆனால் முழுக் கவனம். பெட்டிக்கு வெளியே இடமே இல்லாதவருக்கு 120 டாலர் வழி. துளைக்கு இந்த மூன்று வழியிலும் 0.

1978-இலும் 1979-இலும் பொறியாளர்கள் சிறு ஸ்பீக்கர்தான் கிடைக்கும் என்று தெரிந்தும் அடித்தொனியைச் சுற்றில் எழுதி வைத்தார்கள். 109 டாலருக்கு, ஒரு திருகுகூடப் புதிதாக ஏற்றாமல், அந்த உழைப்பை முழுமையாகக் கேட்க முடியும். பெட்டி வைத்திருப்பவர் அதற்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இவ்வளவு மலிவானது வேறில்லை.